ஸ்கூட் போடுகிறவன் கோழை இல்லை! (ரம்மியும் தடுப்பாட்டமும்)

ரம்மி ஆடும் இடங்களில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழும். "என்னடா சும்மா சும்மா ஸ்கூட்டு? ஆட வந்தியா, வேடிக்கை பார்க்க வந்தியா?" கள்ளக்குறிச்சி கல்யாண மண்டபத்து மாடியாக இருந்தாலும் சரி, காலேஜ் ஹாஸ்டல் அறையாக இருந்தாலும் சரி, வெள்ளிமலையில் மழைக்கு ஒதுங்கிய திண்ணையாக இருந்தாலும் சரி, வசனம் மாறாது. ஸ்கூட் போடுகிறவன் கோழை, கடைசி வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் வீரன் என்று ஒரு எண்ணம்.

இது சுத்தத் தப்பு. ரம்மியில் இருக்கும் ஆயுதங்களிலேயே கூர்மையானது ஸ்கூட்தான். அதைச் சரியாகப் போடத் தெரிந்தவரை ஜெயிப்பது கஷ்டம். ஆனால் அப்பேர்ப்பட்ட ஆளும் ஜெயிக்கவே முடியாத எதிராளி ஒருவர் உண்டு. அவர் யார் என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஆட்டம்.

ஆடும் புலியும்

அமெரிக்காவில் 1993ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்பவர் 'மேஜிக்: தி கேதரிங்' என்று ஒரு சீட்டாட்டத்தை உருவாக்கினார். அதில் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய சீட்டுகளைத் தேர்ந்தெடுத்துத் தானே ஒரு கட்டு அடுக்கிக் கொண்டு வரவேண்டும். சிலர் வேகமாகத் தாக்கும் கட்டு அடுக்குவார்கள். சிலர் எதிராளி என்ன செய்தாலும் அதைத் தடுத்து, அவரைக் களைக்க வைத்து, மெதுவாக ஜெயிக்கும் கட்டு அடுக்குவார்கள். இரண்டாவது வகைக்கு 'கன்ட்ரோல் டெக்' என்று பெயர். ஆரம்ப வருடங்களில் பிரையன் வைஸ்மன் என்ற ஆட்டக்காரர் அடுக்கிய கட்டுதான் இதற்கு முன்னோடி. ஜெயிப்பதற்கென்று அதில் இருந்த சீட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி எல்லாம் தடுக்க, அழிக்க, கையில் சீட்டைப் பெருக்க.

இந்த யோசனை நம்ம ஊருக்குப் புதுசா என்றால், இல்லை. ஆடுபுலி ஆட்டம் வேறு என்னவாம்? 3 புலி, 15 ஆடு. ஆட்டால் புலியை வெட்ட முடியாது. ஆட்டுக்காரர் ஜெயிக்க ஒரே வழி, வெட்டுப்படாமல் ஒவ்வொரு புள்ளியாக அடைத்துக்கொண்டே போய், புலிக்கு நகர இடமில்லாமல் செய்வது. ஆடு ஆடுகிறவரை யாராவது கோழை என்று சொல்வார்களா?

ரம்மியில் கட்டை நாம் அடுக்க முடியாது. வருகிற 13 சீட்டுதான். ஆகவே தடுப்பாட்டம் சீட்டில் இல்லை, முடிவில் இருக்கிறது. எதை இறக்குவது, எதைப் பிடித்து வைப்பது, எப்போது ஸ்கூட் போடுவது, இந்த மூன்றும்தான்.

ஒரு சின்னக் கணக்கு

101 ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். பரவலாக இருப்பது இது: சீட்டே எடுக்காமல் ஸ்கூட் போட்டால் 20 புள்ளி. இடையில் போட்டால் (மிடில் ஸ்கூட்) 40. கடைசி வரை உட்கார்ந்து தோற்றால் கையில் சேராமல் இருப்பதன் கூட்டல், அதிகபட்சம் 80. 101 தொட்டால் ஆட்டத்தை விட்டு அவுட். ஜெயித்தவருக்குப் பூஜ்யம்.

இப்போது ஒருவர் தோற்கும்போதெல்லாம் சராசரியாக 50 புள்ளி வாங்குகிறார் என்று வைப்போம். 10 கைகளையும் ஸ்கூட் போட்டால் 200 புள்ளி. 10 கைகளையும் ஆடினால், அதே 200க்குள் நிற்க அவர் நான்கு முறைதான் தோற்கலாம். அதாவது 10க்கு 6 ஜெயிக்க வேண்டும். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது எந்தக் கை 10க்கு 6 ஜெயிக்கும்?

இதே ஆள் தோற்கும்போது வாங்கும் புள்ளியை 30ஆகக் குறைத்துவிட்டார் என்று வைப்போம். இப்போது ஆறு முறை தோற்றாலும் 180தான். 10க்கு 4 ஜெயித்தாலே ஸ்கூட்டைவிட லாபம்.

கவனியுங்கள், அவருக்கு வரும் சீட்டு நல்லதாக மாறவில்லை. தோல்வி மட்டும் சின்னதாகியிருக்கிறது. தடுப்பாட்டத்தின் சூட்சுமம் முழுவதும் இந்த 50க்கும் 30க்கும் நடுவில் இருக்கிறது.

எப்படிக் குறைப்பது? கல்வராயன் மலையில் மழை பிடித்தால் கோமுகி அணையில் தண்ணீர் தளும்பி வழியும் வரை காத்திருக்க மாட்டார்கள். முழுக் கொள்ளளவுக்குக் கொஞ்சம் முன்பே உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். கையில் இருக்கும் பெரிய சீட்டுகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் ஒவ்வொன்றும் 10 புள்ளி. துணை இல்லாத ராஜாவை "இன்னொரு ராஜா வரும்" என்று நாலு சுற்று வைத்திருப்பவர் அணையை மூடிவைத்து வெள்ளத்துக்குக் காத்திருப்பவர். முதல் இரண்டு மூன்று சுற்றிலேயே அவை போய்விட வேண்டும்.

அதற்கும் முந்தியது ஒரிஜினல் சீக்வென்ஸ். ஜோக்கர் சேராத ஒரு சீக்வென்ஸ் இல்லையென்றால், கையில் எத்தனை செட் இருந்தாலும் எல்லாச் சீட்டும் கணக்கில் வந்துவிடும். நாலு ஜோக்கர் கிடைத்த சந்தோஷத்தில் ஒரிஜினலை மறந்து 80 வாங்கியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு :-)

மிடில் ஸ்கூட் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் அது முதலிலேயே எடுத்திருக்க வேண்டிய முடிவை எடுக்காமல் விட்டதற்கான அபராதம். ஜோக்கர் இல்லை, ஒரிஜினல் இல்லை, ஒரிஜினல் ஆகிற மாதிரி ஜோடியும் இல்லை என்றால் முதல் சீட்டை எடுக்கும் முன்பே கவிழ்த்துவிட வேண்டும். "ஒரு சுற்றுப் பார்ப்போமே" என்பதன் விலை 20 புள்ளி.

யாரைத் தடுப்பது?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நீங்கள் இறக்கும் சீட்டை எடுக்கக்கூடியவர் ஒரே ஒருவர், உங்களுக்கு அடுத்து சீட்டு எடுப்பவர். மற்றவர்களுக்கு அது போய்ச் சேராது. ஆகவே இரண்டு பேர் ஆடும்போது தடுப்பாட்டத்துக்கு முழு பலம். ஆறு பேர் ஆடும்போது நீங்கள் ஒருவரைத்தான் தடுக்கிறீர்கள், மீதி நான்கு பேர் சுதந்திரமாக இருக்கிறார்கள். ஆள் கூடக் கூட ஸ்கூட்டும் கூட வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

அந்த அடுத்த ஆளைப் படிக்க மூன்று பழக்கம் போதும்.

ஒன்று, அவர் கீழே இருந்து எடுத்ததை மறக்காதீர்கள். டைமண் 8 எடுத்தார் என்றால் டைமண் 6, 7, 9, 10 நான்கும், மற்ற 8களும் உங்கள் கையை விட்டுப் போகக்கூடாது. முடிந்த வரைக்கும்.

இரண்டு, எண்ணுங்கள். இரண்டு கட்டு என்பதால் ஒவ்வொரு சீட்டும் இரண்டு பிரதி. இஸ்பேட் ராணி இரண்டும் இறங்கிவிட்டால் இஸ்பேட் ராஜாவை வைத்து இனி யாரும் ஒரிஜினல் கட்ட முடியாது. அந்த ராஜா ஓரளவு பத்திரமான சீட்டு.

மூன்று, ஜோக்கருக்குப் பக்கத்து வீடு. 7 ஜோக்கர் என்றால் யாரும் 7ஐச் சாதாரணச் சீட்டாக வீணாக்க மாட்டார்கள். ஆகவே 6க்கும் 8க்கும் கல்யாணம் ஆவது கஷ்டம். அவற்றை இறக்கினால் ஆபத்து குறைவு.

எதிராளிகள் பலவிதம்

வேகக்காரர்: கீழே விழுவதையெல்லாம் பொறுக்குவார், ஆறேழு சுற்றில் மூடிவிடப் பார்ப்பார். இவரிடம் நீங்கள்தான் ஆடு, அவர் புலி. ஓட்டப்பந்தயத்துக்குப் போகக் கூடாது. மலையிறக்கத்தில் பஸ் ஓட்டுகிறவர் போலச் சின்ன கியரில் வர வேண்டும். கைக்கூட்டல் எப்போதும் 30க்குள். அவர் மூடினால் மூடட்டும், உங்களுக்கு அடி சின்னது.

சேமிப்புக்காரர்: எதையும் இறக்க மனசு வராது. மூன்று ராணி, இரண்டு ராஜா, எல்லாம் வருமென்று காத்திருப்பார். இவரிடம் தடுப்பாட்டம் ஆடினால் அவருக்கு உதவிதான் செய்கிறீர்கள், ஏனென்றால் அவருக்கு வேண்டியது நேரம். இங்கே வேடம் மாற வேண்டும். நீங்கள் புலி. அழகு பார்க்காமல் சீக்கிரம் மூடுங்கள். அவர் கையில் 60, 70 இருக்கும்போதே ஆட்டம் முடிய வேண்டும்.

1999ல் மைக் ஃப்ளோரஸ் என்பவர் மேஜிக் ஆட்டம் பற்றி எழுதிய ஒரு கட்டுரை இன்றைக்கும் பேசப்படுகிறது. இந்த ஆட்டத்தில் தாக்க வேண்டியவர் யார், தடுக்க வேண்டியவர் யார் என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறவர் தோற்பார் என்பதே அதன் சாரம். ரம்மிக்கு அப்படியே பொருந்தும். தடுப்பாட்டம் என்பது ஒருவரின் குணமல்ல. எதிரில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்த வேலை.

தூண்டில்காரர்: ஆட்டின் 9ஐ வேண்டுமென்றே இறக்குவார். "ஓ, இவருக்கு ஆட்டின் வேண்டாம்" என்று நீங்கள் ஆட்டின் 10ஐ இறக்குவீர்கள். அதற்காகத்தான் காத்திருப்பார். இவரிடம் அவர் இறக்குவதை நம்பாமல், பிரதிகளை எண்ணுவதை மட்டும் நம்ப வேண்டும். எண்ணிக்கை பொய் சொல்லாது.

இன்னொரு ஸ்கூட்காரர்: இதுதான் சுவாரசியமான ஜோடி. இரண்டு பேரும் தடுப்பாட்டக்காரர்கள். இங்கே சீட்டைவிட ஸ்கோர் பேப்பர் முக்கியம். 80 வரை வாங்கியவர் இன்னும் ஒரு ஸ்கூட் போடலாம், 100ல் நிற்பார். 81 தொட்டவர் ஸ்கூட் போட்டால் அவுட். அவர் இனி எந்தக் கை வந்தாலும் ஆடியே தீர வேண்டும், 'கம்பல்சரி'. எதிராளியை முதலில் அந்த நிலைக்குத் தள்ளுகிறவர் பாதி ஜெயித்த மாதிரி. ஆகவே அவர் ஸ்கூட் போட்டுக்கொண்டே இருந்தால், இரண்டு பேர் ஆட்டத்தில் சுமாரான கையோடும் நீங்கள் உட்கார்ந்து பழக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவருக்கு 20 ஏறும், உங்களுக்குப் பூஜ்யம்.

ஜெயிக்க முடியாத எதிராளி

இப்போது முதலில் சொன்ன ஆளுக்கு வருவோம். அவர் சீட்டைக் கையில் தொடுவதே இல்லை. அவர் பெயர் கமிஷன்.

செல்போனில் பணம் கட்டி ரம்மி ஆடிய காலத்தில், ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் பணத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை நிறுவனங்கள் எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. கேட்கச் சின்னதாகத் தெரியும். கணக்குப் போடுங்கள்.

சம திறமையுள்ள இரண்டு பேர். ஆளுக்கு 100 ரூபாய். மொத்தம் 200ல் 10 சதவீதம் போக ஜெயித்தவருக்கு 180. 10 ஆட்டம் ஆடி ஆளுக்கு 5 ஜெயிக்கிறார்கள். ஒவ்வொருவரும் கட்டியது 1,000, திரும்பி வந்தது 900. இரண்டு பேரும் தோற்றிருக்கிறார்கள்! 100 ஆட்டம் ஆடினால் ஆளுக்கு 1,000 ரூபாய் போயிருக்கும். யார் கெட்டிக்காரர் என்ற கேள்வியே எழாமல் 2,000 ரூபாய் மூன்றாவது ஆளிடம் இருக்கும்.

கமிஷன் 15 சதவீதம் என்றால் 10க்கு 6 ஜெயித்தாலும் கட்டியது 1,000, வந்தது 1,020. இருபது ரூபாய் லாபத்துக்கு ஆறு வெற்றி.

தடுப்பாட்டம் இங்கே ஏன் உதவாது? அது தோல்வியைச் சின்னதாக்கும், எதிராளியின் தவறுக்காகக் காத்திருக்கும். கமிஷன் தவறு செய்யாது. களைக்காது. கம்பல்சரி ஆகாது. நீங்கள் எவ்வளவு பொறுமையாக ஆடுகிறீர்களோ அவ்வளவு ஆட்டம் கூடும், அவ்வளவு முறை அது எடுத்துக்கொள்ளும். பொறுமை உங்கள் பலமாக இருந்தது போய் அதன் வருமானமாகிவிடுகிறது.

இன்னொன்று. மேலே சொன்ன வேகக்காரர், சேமிப்புக்காரர் எல்லாம் பல ராத்திரி ஒன்றாக உட்கார்ந்ததால் தெரிந்த முகங்கள். திரையில் வருபவர் யாரோ ஒருவர், அடுத்த ஆட்டத்தில் வேறு ஒருவர். ஆளைப் படிக்கத் தெரிந்தவரின் பாதிக் கண்ணை அங்கேயே கட்டிவிடுகிறார்கள்.

"ரம்மி திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கே" என்பார்கள். உண்மைதான். 1967ல், செகந்திராபாத்தில் இருந்த ஒரு கிளப் சம்பந்தப்பட்ட சத்தியநாராயணா வழக்கில் அப்படிச் சொன்னது. அதற்கு நீதிமன்றம் காட்டிய காரணம் அழகானது: இறங்கிய சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை இறக்குவது என்பதில் திறமை வேண்டும். அதாவது இவ்வளவு நேரம் பேசிய தடுப்பாட்டம்தான் ரம்மியைச் சூதாட்டத்திலிருந்து காப்பாற்றியது!

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்துக்காரரோ கிளப்போ லாபம் பார்க்கிறார்கள் என்று நிரூபணமானால் அது குற்றமாகலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது. திறமையா அதிர்ஷ்டமா என்பது ஒரு கேள்வி. நடுவில் நின்று எடுப்பவர் யார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த நல்ல பதிலைக் காட்டி இரண்டாவது கேள்வியை மறைத்ததுதான் பல வருட விளம்பரங்களின் சாமர்த்தியம்.

தமிழ்நாட்டில் இந்த இழுபறி நீளமாக நடந்தது. மாநில அரசு கொண்டுவந்த தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் புதிய சட்டத்துக்கு ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதே வருடம் நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்டது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவினையைப் பார்க்காமல் ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையே தடை செய்தது. பெரிய நிறுவனங்கள் பண ரம்மியை நிறுத்தின.

"எத்தனையோ பேர் ஜெயிச்சாங்களே, அது பொய்யா?" பொய்யில்லை. 10க்கு 6, 7 ஜெயித்தவர்கள் இருந்திருப்பார்கள். அப்படியானால் எதிரில் 10க்கு 3, 4 ஜெயித்தவர்களும் இருந்திருக்க வேண்டும், கமிஷனையும் சேர்த்துச் சுமந்துகொண்டு. கரும்பு வெட்டிய கூலியிலோ, கடை சம்பளத்திலோ, ஹாஸ்டல் ஃபீஸுக்கு வீட்டிலிருந்து வந்ததிலோ அந்தப் பணம் இருந்திருக்கும். அந்தக் கெட்டிக்காரரின் வருமானம் என்பது தினமும் புதிதாக ஒரு ஏமாளி வந்து உட்கார்வதைப் பொறுத்தது. அதைத் திறமை என்று சொல்லலாம். பெருமை என்று சொல்ல முடியாது.

இதற்காக வீட்டுத் திண்ணையில் ஆடும் ரம்மியையும் சேர்த்துத் திட்ட வேண்டியதில்லை. நினைவாற்றல், எண்ணிக்கை, பொறுமை, ஆளைப் படிப்பது, எல்லாவற்றுக்கும் மேல் தோற்கிற கையைத் தோற்கிற கை என்று முதலிலேயே ஒப்புக்கொள்வது, இத்தனையும் ஒரு 13 சீட்டில் கற்கலாம். புள்ளிக்கு மட்டும் ஆடுங்கள், தோற்றவர் டீ வாங்கட்டும். பணம் கேட்டு, நடுவில் ஒருவர் பங்கு எடுக்கும் ஆட்டம் நாளைக்கு வேறு பெயரில், வேறு வாசலில் வந்து கூப்பிடலாம். அங்கே சீட்டை எடுத்துப் பார்க்கவே வேண்டாம். முதல் ஸ்கூட் அதுதான், அதற்கு 20 புள்ளிகூடக் கிடையாது.

அப்புறம் ஒரு சந்தேகம். ஏஸுக்கு 10 புள்ளியா, 1 புள்ளியா? இது தெரியாமல் பல ஊர்களில் சண்டை நடக்கிறது. உங்கள் பக்கம் எப்படி மக்களே?